கேட்ட இடம் மட்டும்

எக்ஸ்ரே அக்காவின் கையில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையை ஆரம்பிக்க முடியாது. ஏனென்றால் கடைசியில் அவளைக் கவிழ்த்ததும் அதுதான்.

படம் எடுக்கும் மெஷினுக்கு அடியில் ஒரு விளக்கு உண்டு. அது நோயாளியின் உடம்பின்மேல் வெளிச்சத்தால் ஒரு சதுரம் போடும். சதுரத்துக்குள் இருப்பதுதான் படத்தில் விழும். இரண்டு குமிழைத் திருகினால் சதுரம் விரியும், சுருங்கும். சோம்பேறிகள் அதை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு, சுண்டுவிரலைக் கேட்டால் தோள்வரைக்கும் எடுத்துத் தள்ளுவார்கள். எக்ஸ்ரே அக்கா அந்த ஜாதியே இல்லை. மணிக்கட்டைக் கேட்டால் மணிக்கட்டுதான். கதிர் படவேண்டிய இடத்துக்கு மேல் ஒரு விரற்கடைகூடப் படக்கூடாது என்பதில் படு கறார். அப்படியும் ஓரத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், கம்ப்யூட்டர் திரையில் அந்த ஓரத்தைக் கறுப்பாக்கி மூடிவிட்டுத்தான் மாடிக்கு அனுப்புவாள். "உங்க படத்தையெல்லாம் சட்டம் போட்டு மாட்டலாம்மா" என்று எலும்பு டாக்டர் ஒரு தடவை சொன்னார். பத்தொன்பது வருஷ வேலையில் அவளுக்குக் கிடைத்த விருது அது ஒன்றுதான்.

வாயும் அப்படித்தான். படத்தில் என்ன தெரிகிறது என்று யார் கெஞ்சினாலும் பெயராது. "நான் எடுக்கறவ. படிக்கறவர் மாடியில இருக்கார்" என்று முடித்துவிடுவாள். குழந்தைகளிடம் மட்டும் குரல் இளகும். கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, குனிந்து, காதோடு சொல்வாள்: "அசையாம இரு கண்ணு. அசையாம இருந்தா சட்டுனு முடிஞ்சிடும்." வீறிட்டுக்கொண்டு வந்த பிள்ளைகூட அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டுச் சிலையாக நிற்கும். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வருஷத்துக்கு ஒரு நாள் மாடியில் ஒரு மணி நேர வகுப்பு வைப்பார்கள். சட்டம் படித்த ஒருவர் வந்து எதையோ வாசிப்பார். எல்லோரும் டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் ஒரு தாள் வரும். 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். எக்ஸ்ரே அக்கா பதினோரு வருஷம் போட்டாள். கையெழுத்து எந்த இடத்தில் என்று பார்த்தாளே தவிர, என்ன படித்தோம் என்று பார்க்கவில்லை. அவள் மட்டுமா? அந்த ஆஸ்பத்திரியில் யாரும் பார்க்கவில்லை. அந்தத் தாளின் ஒரு பிரதியை அவள் அறைச் சுவரிலும் ஒட்டியிருந்தார்கள். அதற்கு நேர் மேலே ஆணி அடிக்கச் சொல்லி ஏப்ரனை மாட்டியவள் அவளேதான். ஏப்ரனை மாட்ட வேறு சுவர் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

அவளுக்கு ஒரு தங்கை. எட்டு வயது சின்னவள். அம்மா போய்ச் சேர்ந்தபோது தங்கைக்கு நாலு வயசு. தலை வாரிவிட்டது, சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது எல்லாம் அக்காதான். அப்பா என்று ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை செய்துகொண்டாள், ஒரு பெண்ணைப் பெற்றாள், அந்தப் பெண்ணுக்கு ஒன்றரை வயதாகும்போது புருஷன் வேலைக்கென்று வேறு ஊர் போனவன், போனவனாகவே இருந்துவிட்டான். தங்கை ஒரு சலவை நிலையத்தில் விடுதிப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்க ஆவியில் நின்றுவிட்டு, மூன்று மாடி ஏறி, ஒற்றை அறை வீட்டுக்கு வருவாள். அங்கே அந்தப் பெண் ஒரு நிமிஷம் சும்மா இருக்காமல் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் பறந்துகொண்டிருக்கும். அதனால்தான் அதற்குச் சிட்டு என்று பெயர் வந்தது. வைத்தவள் பெரியம்மா.

சிட்டுவுக்கு ஐந்து வயதாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, தங்கை அதைத் தூக்கிக்கொண்டு எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றாள்.

"படிக்கட்டுல உருண்டுட்டா அக்கா."

"உனக்குக் கண்ணு எங்கடி போச்சு?" என்று அக்கா திட்டினாள். மணிக்கட்டைக் கேட்டிருந்தார்கள். சதுரத்தைச் சுருக்கினாள், காதில் மந்திரத்தைச் சொன்னாள், எடுத்தாள். கோடு போல ஒரு விரிசல். கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டின்மேல் பெரியம்மா பேனாவால் ஒரு குருவி வரைந்து கொடுத்தாள். குருவிக்கு மூன்று கால் வந்துவிட்டது என்று சிட்டு சிரித்தது.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை இன்னொரு கை.

"கட்டில்ல குதிச்சு ஆடினா. சொன்னா கேட்டாத்தானே!"

அன்றைக்கு எக்ஸ்ரே அக்கா ஒரு தப்புச் செய்தாள். அதற்கு முன்னால் ஒரு தடியரின் தொடையைப் படம் எடுத்திருந்தாள். சதுரம் அகலமாகவே திறந்திருந்தது. சொந்தப் பிள்ளை என்ற பதற்றத்தில் அதைச் சுருக்க மறந்துபோனாள். திரையில் படம் வந்தது. மணிக்கட்டில் புது விரிசல் இருந்தது. கேட்காத இடத்தில், முழங்கைக்கு மேலே, வேறொன்றும் இருந்தது.

உடைந்த எலும்பு தானாக ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் ஒரு முண்டு தெரியும். கட்டு கிடையாது, மருந்து கிடையாது, யாரிடமும் காட்டவில்லை, வலியோடு வலியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று மாதப் பழசு என்று அவளுக்கே தெரிந்தது. மனசுக்குள் பின்னோக்கி எண்ணினாள். அந்த நாட்களில்தான் சிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் கையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது. "மகாராணிக்கு ஊட்டி விட்டாத்தான் எறங்குமோ?" என்று கேலி செய்து ஊட்டிவிட்டவள் இவள்தான். சிட்டுவும் சிரித்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டது. பாவி, அன்றைக்கு அதன் கை உடைந்திருந்தது!

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தங்கை சிட்டுவின் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே அக்காவின் விரல் தன் போக்கில் வேலை செய்தது. ஓரத்தைக் கறுப்பாக்கியது. மணிக்கட்டு மட்டும் மாடிக்குப் போனது. பழக்கம் என்று சொல்லலாம். அவளும் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். எனக்கு நம்பிக்கையில்லை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மதியம் மாடி ஏறினாள். எலும்பு டாக்டர் ஒரு கையில் போனும் ஒரு கையில் பேனாவுமாக இருந்தார்.

"டாக்டர், காலைல வந்த அந்தக் குழந்த... மேல் கையிலயும் ஏதோ பழசு இருக்கற மாதிரி தெரிஞ்சுது."

"நான் பாத்ததுல மணிக்கட்டுதானே இருந்துச்சு?"

"ஆமா. ஓரத்துல இருந்துச்சு. நான்..." என்று இழுத்தாள்.

"உங்க தங்கச்சி பொண்ணுதானே? அப்ப வீட்ல என்ன ஏதுன்னு விசாரிங்கம்மா. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

இறங்கி வரும்போது அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. டாக்டரிடம் சொல்லியாயிற்று. இனி அவர் பார்த்துக்கொள்வார். மாடியில் டாக்டரும் அதையேதான் நினைத்தார்: பெரியம்மாக்காரி இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள். இப்படி இரண்டு பேரும் ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். நடுவில் சிட்டு கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்குப் போனது.

அந்த வாரமே தங்கையின் வீட்டுக்குப் போனாள். சிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காகிதம் கிழித்துக்கொண்டிருந்தது. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு நேராகவே கேட்டாள்.

"மேல் கை எப்படிடி ஒடஞ்சுது?"

தங்கை மழுப்பப் பார்த்தாள். முடியவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, சத்தம் வராமல், உடம்பு குலுங்க அழுதாள்.

"கை நீண்டுடுது அக்கா. நிறுத்தணும்னுதான் நெனைக்கறேன். அந்த நேரத்துல நான் நானா இருக்கறதில்ல. அப்புறம் அவ தூங்கறப்ப காலப் புடிச்சிக்கிட்டு அழறேன்."

"அவ கொழந்தடி!"

"தெரியும். இனிமே தொட மாட்டேன். அவ தலமேல சத்தியம். வெளிய தெரிஞ்சா தூக்கிட்டுப் போயிடுவாங்க அக்கா. அவள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொள்ளாமல் என்ன செய்வாள்? தூக்கி வளர்த்த பிள்ளையாயிற்றே. "ஞாயித்துக்கிழமை எங்கிட்ட விட்டுடு. கோவம் வந்தா போன் பண்ணு, ஓடி வரேன்" என்றாள். நம்பினாள். நம்ப வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது. இரண்டு மாதம் போன் எதுவும் வரவில்லை. அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார்கள். சிட்டு பிடித்துப் பிடித்து மூச்சு விட்டது. நெஞ்சுப் படம் கேட்டு எழுதியிருந்தார்கள். வேறு டாக்டர், புதிதாக வந்தவர். தங்கை அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. "சளி கட்டியிருக்கு" என்றாள். அக்கா அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

நெஞ்சுப் படத்துக்குச் சதுரத்தைச் சுருக்கவே முடியாது. தோளிலிருந்து இடுப்புவரை எல்லாம் விழும். சட்டையைக் கழற்றும்போது சிட்டு முகத்தைச் சுளித்தது, சத்தம் போடவில்லை. அதைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, மந்திரத்தைச் சொல்லக் குனிந்தாள். சிட்டு அதற்குள் கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்து, மரக்கட்டையாக நின்றது.

"இன்னும் சொல்லவே இல்லையேடி. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"எனக்குத்தான் தெரியுமே பெரியம்மா. அசையாம இருந்தா சட்டுனு முடிஞ்சிடும்." ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. கெட்டிக்காரப் பிள்ளை என்று பாராட்டு வாங்கும் ஆசை அந்தக் கண்ணில் இருந்தது. "அம்மா அடிக்கறப்பவும் நான் அசையவே மாட்டேன். நீ சொன்ன மாதிரியே."

எக்ஸ்ரே அக்கா எப்படியோ கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள். முதுகுப் பக்கத்து விலா எலும்பில் மூன்று இடத்தில் முண்டு. ஒன்று பழசு, இரண்டு அவ்வளவு பழசில்லை. சத்தியத்துக்குப் பிறகு வந்தவை அந்த இரண்டும்.

ஏப்ரனைக் கழற்றினாள். ஆணியில் மாட்டப் போனவள் மாட்டாமல் நின்றாள். சுவரில் தாள் இருந்தது. ஏப்ரன் உரசி உரசி ஓரமெல்லாம் அழுக்கேறியிருந்தது. பதினோரு வருஷமாகக் கையெழுத்துப் போட்டதை அன்றைக்குத்தான் படித்தாள். வேலையின்போது குழந்தைக்குக் கொடுமை நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் யாருக்கு வருகிறதோ அவரே இந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்குள் சொல்ல வேண்டும். நிரூபிப்பது அவர் வேலையில்லை. மேலே இருப்பவரிடம் சொன்னால் சொன்னதாகாது. சொந்தக்காரர் என்பதால் விலக்குக் கிடையாது. சொல்லாமல் இருப்பது குற்றம். இவ்வளவுதான். ஒன்பதே வரி, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கே புரியும்.

சிட்டுவுக்குச் சட்டையைப் போட்டுவிட்டு, தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அறையிலிருந்த போனை எடுத்தாள். ஒரு சின்ன வயசுக் குரல் பேசியது. பெயர், இடம், குழந்தையின் வயது கேட்டது.

"குழந்தைக்கு நீங்க என்ன வேணும்?"

"பெரியம்மா."

"முதல்ல உங்களுக்கு எப்ப சந்தேகம் வந்துச்சு?"

இன்றைக்கு என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? கதவுக்கு வெளியே தங்கை இருமும் சத்தம் கேட்டது. நாற்காலியில் சிட்டு மெதுவாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி" என்றாள்.

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் ஒரு விநாடி நின்று, பிறகு தொடர்ந்தது.

பதினோரு மணிக்குள் அதிகாரியம்மா வந்துவிட்டார். நடுத்தர வயசு, கையில் ஒரு கோப்பு, அதட்டல் இல்லாத குரல். பழைய படங்களைக் காட்டச் சொன்னார். இரண்டாவது படத்தில் விரலை வைத்தார்.

"இந்த ஓரம் ஏன் கறுப்பா இருக்கு? யார் மூடினது?"

"நான்தான்."

"எடுக்க முடியுமா?"

முடியும். அது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. அந்தக் கறுப்பு மூடத்தான் செய்யும், எதையும் அழிக்காது. எக்ஸ்ரே அக்கா ஒரு பொத்தானை அழுத்தினாள். முழங்கையும், அதற்கு மேலே முண்டும், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

எலும்பு டாக்டரைக் கீழே கூப்பிட்டார்கள். "அவங்க குடும்பம், அவங்களே சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். "டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்னு நெனச்சேன்" என்றாள் அக்கா. அதிகாரியம்மா இரண்டையும் எழுதிக்கொண்டார். இரண்டு பேருக்கும் நோட்டீஸ் வரும் என்றார்.

"வரட்டும்மா. என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. குழந்தைய மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க. நான் வளக்கறேன். அவ அம்மாவயே நான்தான் வளத்தேன்."

அதிகாரியம்மா கோப்பை மூடினார். "அன்னிக்கே ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா, இன்னிக்கு உங்க கையிலதான் குடுத்துட்டுப் போயிருப்பேன். தெரிஞ்சும் சொல்லாத வீட்ல விடறதுக்கு எனக்கு அனுமதி இல்லம்மா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

எக்ஸ்ரே அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். குடும்பம் சிதறக்கூடாது என்றுதான் இரண்டு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அந்த இரண்டு மாதம்தான் இப்போது பிள்ளையை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது.

நடையில் தங்கை கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தாள். அவள் கத்தவில்லை. சிட்டுவின் ஸ்வெட்டரைப் பையிலிருந்து எடுத்து அதிகாரியம்மாவிடம் நீட்டினாள். "சாயங்காலமானா தும்முவா. இத போட்டு விடுங்க" என்றாள். அப்புறம் அக்காவிடம் வந்தாள். பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில் நின்றாள்.

"அசையாம இருன்னு அவளுக்கு நீ சொல்லிக் குடுத்தியாமே?"

"எக்ஸ்ரேவுக்குடி. படம் ஆடக்கூடாதுன்னு..."

"எனக்கும் சொன்ன." தங்கையின் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "அப்பா பெல்ட்ட உருவறப்பல்லாம், என் காதுல. அசையாம இருடி, சட்டுனு முடிஞ்சிடும்னு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. மறந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷமாக ஊரார் பிள்ளைகளின் காதில் சொல்லிவந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவள் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"அப்ப யாராவது எனக்காக ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்லக்கா?" என்றாள் தங்கை. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் தெரிய வேண்டும் என்பது போலக் கேட்டாள். பன்னிரண்டு வயசுப் பெண்ணாக இருந்தவளிடம் என்ன பதில் இருக்கும்? அன்றைக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள், பள்ளிக்கூடத்தில் முதுகைப் பார்த்த டீச்சர், காயத்துக்கு மருந்து போட்டவர், அவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி அது. அவர்கள் யாரும் அந்த நடையில் இல்லை.

தங்கை அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

விசாரணை நடக்கிறது. தங்கை மனநல மருத்துவரிடம் போக வேண்டும், கோர்ட்டுக்கும் போக வேண்டும். சிட்டு குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறது. பெரியம்மா சனிக்கிழமை ஒரு மணி நேரம் பார்க்கலாம், இல்லத்துக்காரம்மா ஒருத்தர் கூடவே இருப்பார் என்று மூன்றாம் மாதம் அனுமதி கொடுத்தார்கள்.

முதல் சனிக்கிழமை அவள் ஒரு பொம்மைக் குருவி வாங்கிக்கொண்டு போனாள். பச்சை வர்ணம் அடித்த அறை. சிட்டு ஒரு பெரிய நாற்காலியில், இரண்டு கையையும் முட்டிமேல் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. மூச்சு நன்றாக வந்தது. ஆனால் எழுந்து ஓடி வரவில்லை.

"எப்பவும் இப்படித்தாங்க. ரொம்ப சமத்து. ஒக்கார வெச்ச எடத்துல ஒக்காந்திருக்கும்" என்று இல்லத்துக்காரம்மா சந்தோஷமாகச் சொன்னார்.

எக்ஸ்ரே அக்கா நாற்காலிக்கு முன்னால் மண்டி போட்டாள். "ஏண்டி தங்கம் இப்படி ஒக்காந்திருக்க? பறக்கற குருவியாச்சே நீ! எறங்கி ஓடு பாப்போம்."

சிட்டு தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பியது. ரகசியம் போலச் சொன்னது.

"அசையாமதான் இருக்கேன் பெரியம்மா. வந்ததுலேர்ந்து இருக்கேன். இன்னும் எவ்ளோ நேரத்துல முடியும்? வீட்டுக்குப் போகணும்."

அவள் வாய்விட்டு அழுதாள். அங்கே அழக்கூடாது என்று விதி ஏதாவது இருந்திருக்கலாம். அந்தத் தாளையும் அவள் படிக்கவில்லை. "நான் தப்பாச் சொல்லிட்டேன்டி. அசையலாம். ஓடலாம். கத்தலாம். யாராவது அடிச்சா ஊரையே கூட்டலாம். பெரியம்மாதான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று அதன் இரண்டு காலையும் பிடித்து ஆட்டினாள். அவள் ஆட்டியவரைக்கும் கால் ஆடியது. விட்டதும் நின்றுவிட்டது.